மனோரஞ்சிதம் இன்னும் பூக்கவில்லை

நவம்பர் 9

வெட்கக்கேட்டை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியை எழுதுவது சுலபம். இன்று காலை நான் ஒரு செடியின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாகக் கிடந்ததைப் பால்காரர் சண்முகையா பார்த்துவிட்டார். விழுந்தது வழுக்கித்தான். நேற்றைய மழையில் கரிசல் மண் குழைந்துபோய்க் கிடந்தது. ஆனால் விழுந்த பிறகும் எழுந்திருக்காமல், "தாயே, ஒரே ஒரு பூ, அதுக்கு மேல கேட்க மாட்டேன்" என்று கெஞ்சிக்கொண்டிருந்ததற்கு மண்ணைக் குறை சொல்ல முடியாது.

சண்முகையா கேனை இறக்கி வைத்துவிட்டு நிதானமாக வேடிக்கை பார்த்தார்.

"என்ன சார், பட்டிமன்றத்துக்கு ஒத்திகையா?"

"ஆமா, உருக்கமான தலைப்பு" என்றேன், வாயில் ஒட்டிய மண்ணைத் துப்பிக்கொண்டே.

செடி மனோரஞ்சிதம். நட்டவள் ஜெயக்கொடி, என் மனைவி. ஆறு வருடமாகச் சுவரோரம் நின்று இலையை மட்டும் காட்டிக்கொண்டிருக்கிறது. போன வாரம் ஜெயக்கொடி கையில் பையோடு இந்தச் செடிக்குப் பக்கத்தில் நின்று, "இது பூத்தா சொல்லுங்க, வாரேன்" என்றாள். கீழக்கரட்டூரில் அவள் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பியிருந்தாள்.

அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "அப்ப ரேஷன் கார்டையும் அங்கனயே மாத்திக்கோ" என்றேன். மேடையாக இருந்தால் கைதட்டல் கூரையைப் பிய்த்திருக்கும். அங்கே கைதட்ட ஆளில்லை. அவள் என்னைப் பார்த்தாள். கொண்டையில் ஒரு மஞ்சள் இலை சிக்கியிருந்தது. தட்டிவிடலாம் என்று கை போனது. கோபத்தில் நிற்பவளின் தலையைத் தொடத் தைரியமில்லாமல் பாதியிலேயே திரும்பி வந்துவிட்டது.

பேருந்தில் அவளுக்குச் சன்னலோர இடம் கிடைத்தது. அது ஒன்றுதான் அன்றைக்கு நடந்த நல்லது.

நவம்பர் 10

தெருவுக்கு நான் கொடுத்திருக்கும் காரணம்: மைத்துனர் வீட்டு மாடு கன்று போடப்போகிறது, ஒத்தாசைக்குப் போயிருக்கிறாள். எதிர்வீட்டு ஆவுடைத்தாய் இதைக் கேட்டு, "நல்ல மாடுதான்" என்றாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் தெரியாத முகம்தான் ஆவுடைத்தாயிடம் ஆபத்தானது. இந்தத் தெருவில் குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் அவளிடமிருந்து செய்தி வந்துவிடும்.

உண்மைக் காரணத்தை இங்கே எழுதலாம், அவள் எட்டிப் பார்க்கமாட்டாள்.

எனக்குத் தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதும் வேலை. ஞாயிறும் திருவிழாவும் வந்தால் பட்டிமன்றப் பேச்சாளன், 'நகைச்சுவை நாவரசு' வேல்மயில். பட்டத்தைக் கொடுத்தது ஒரு ஜவுளிக்கடை. ஐப்பசியில் கீழக்கரட்டூர் கோயில் கொடைத் திருவிழாவில் பேசினேன், அதாவது என் மாமியார் ஊரில். "எங்க வீட்டுக் குழம்பைக் கண்ணைக் கட்டிட்டுச் சாப்பிட்டா, குழம்பா இல்ல கை கழுவ வச்ச தண்ணியான்னு யாராலயும் சொல்ல முடியாது. மணம்கிற சாமானை என் சம்சாரம் அடுப்படிக்குள்ள விடுறதே இல்லை" என்றேன். கூட்டம் உருண்டு உருண்டு சிரித்தது. மைத்துனர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த ஊரில் ஜெயக்கொடி யார் என்பதை மறந்துவிட்டேன். கல்யாணப் பந்திக்கு வெளியூரிலிருந்து சமையல்காரர் வந்தாலும், சாம்பாரை இறக்கும் முன் "ஜெயக்கொடிய ஒரு எட்டுப் பாக்கச் சொல்லு" என்கிற ஊர் அது. முன்வரிசையில் இருந்தவள் எழுந்து போகவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு கிழவி, "இம்புட்டு நாளா அந்த மனுசனுக்கு என்னத்தட்டி பொங்கிப் போட்ட?" என்று கேட்டது மைக் வரைக்கும் கேட்டது.

வீட்டுக்கு வந்து வழக்கம்போல் சமைத்தாள். பரிமாறும்போதெல்லாம் "மணம் இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். இருக்கு என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். மேடையில் சொன்னதை வீட்டில் மாற்றினால் தோற்ற மாதிரி. தவிர, பொய்யும் இல்லை. முன்பெல்லாம் இவள் கருவாட்டுக் குழம்பு தெருமுனைக்கே வந்து என்னைக் கூட்டிப் போகும். நாலு வருடமாக அவள் கை மாறிவிட்டது. ஏனென்று தெரியவில்லை. வயதாகிறது அல்லவா? அவளுக்கு.

நவம்பர் 16

நாற்றுப்பண்ணை செல்லத்துரையிடம் போனேன்.

"கரிசல்ல மனோரஞ்சிதமா? மழை பேஞ்சா தண்ணி நின்னு வேர் அழுகும். வெயில் அடிச்சா மண்ணு வெடிச்சு வேரை அறுக்கும். நீங்க ஏன் சார் அதுகூட மல்லுக்கட்டுதீங்க? அரளி வைங்க. திட்டினாலும் பூக்கும்."

"வேண்டுதல்" என்றேன்.

வேண்டுதல் என்றதும் மனிதர் இறங்கி வந்தார். சுற்றிலும் முழங்கை ஆழம் தோண்டிச் செம்மண்ணும் ஆட்டு எருவும் கலந்து போட வேண்டும். மேலே காய்ந்த சருகை மெத்தை மாதிரிப் பரப்ப வேண்டும். சாயங்கால வெயில் முகத்தில் அடிக்கக் கூடாது.

"பூ எப்படி இருக்கும்?"

"பூவை நீங்க தேடவே வேண்டாம் சார். அது இலைக்குள்ள ஒளிஞ்சிக்கிடும். ஆனா பூத்துட்டா, மணம் வந்து உங்க சட்டையப் பிடிச்சு இழுக்கும். நீங்க எந்தப் பழத்தை நெனைக்கீங்களோ அந்தப் பழ மணம் வரும். அதுதான் அதுக்கு விசேஷம்."

இவ்வளவு நீளமான பெயரை வைத்துக்கொண்டு சின்னப் பூவாகவா இருக்கும்? உள்ளங்கை அகலம், அரக்குச் சிவப்பு, நடுவில் பொன் மாதிரித் தூள். எனக்குள் அது ஏற்கெனவே பூத்துவிட்டது. கைப்பேசியில் படம் பார்க்கலாம்தான். பெண் பார்க்கப் போகும் முன் ஜெயக்கொடியின் புகைப்படத்தையும் நான் பார்க்க மறுத்தவன். சில விஷயங்களில் எனக்குக் கொள்கை உண்டு.

நவம்பர் 17

தோண்டினேன். இடுப்பு போயிற்று. செடி சௌக்கியம்.

டிசம்பர் 14

அடுப்பில் பாலை வைத்துவிட்டுச் செடிக்குச் சருகு போட்டுக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு மாடியிலிருந்து கூப்பாடு. "அண்ணாச்சி! பால் அடிப்பிடிச்சு ஊரே நாறுது! உங்க மூக்கை யாருக்கும் வாடகைக்கு விட்டிருக்கீங்களா?"

பாத்திரம் கரிக்கட்டையாகி இருந்தது. "சளி பிடிச்சிருக்கு ஆவுடை" என்றேன்.

"போன மாசம் கேஸைத் திறந்துபோட்டு உக்காந்திருந்தப்பவும் சளின்னுதான் சொன்னீங்க."

சில பேருக்குச் சளி நீடித்து நிற்கும். இதில் பேச என்ன இருக்கிறது?

டிசம்பர் 27

புது மண் பிடித்துக்கொண்டது. ஒரு பக்கம் தளதளவென்று துளிர். மறுபக்கம் ஒரு தொல்லை. உள்ளே அங்கங்கே மஞ்சள் இலைகள். சாதாரண இலை மாதிரி இல்லாமல் தடித்து, சதைப்பற்றாக, கொத்துக் கொத்தாகச் சுருண்டு கொக்கி மாதிரிக் காம்பில் தொங்குகின்றன. சத்துக் குறைவாகத்தான் இருக்கும். நோயுற்ற இலையை வைத்திருந்தால் மற்றதற்கும் பரவும் என்று எல்லாவற்றையும் கிள்ளி வேரடியில் புதைத்தேன். கை பிசுபிசுத்தது. சோப்பு போட்டுக் கழுவினேன்.

ஜனவரி 6

எங்கள் தெருவுக்குப் பழப் பைத்தியம் பிடித்திருக்கிறது.

சண்முகையா பால் ஊற்றும்போது, "என்ன சார், வீட்ல பலாப்பழமா? ஒரு சுளை குடுத்தா குறைஞ்சா போவீங்க?" என்றார். மார்கழியில் ஏது பலா? கொரியர் கொண்டுவந்த தம்பி வாசலில் நின்று மூச்சை இழுத்து, "வாழைத்தார் பழுக்க வச்சிருக்கீங்களா அங்கிள்?" என்றான். ஆவுடைத்தாய் ஒரு படி மேலே போய், "உங்க வீட்டைத் தாண்டும்போது எனக்குக் கொய்யாப்பழம் சாப்பிடணும்போல வருது அண்ணாச்சி. இந்த வயசுல இது நல்லதுக்கில்ல" என்றாள்.

பின்தெருப் பழக்கடையில்தான் ஏதோ புதிதாகப் புகை போட்டுப் பழுக்கவைக்கிறார்கள் என்று எல்லோருக்கும் விளக்கினேன். விளக்கம் சொல்வதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

மஞ்சள் இலைகள் மறுபடியும். கிள்ளினேன்.

ஜனவரி 15

பொங்கல். குக்கரில் வைத்தேன். பொங்க இடமில்லாமல் விசில் அடித்தது. "பொங்கலோ பொங்கல்" என்று விசிலைப் பார்த்துச் சொன்னேன்.

மத்தியானம் ஜெயக்கொடியிடமிருந்து போன்.

"பொங்கல் வச்சீங்களா?"

"வச்சேன்."

"ரேஷன் கார்டு அரிசி டின்னுக்குப் பின்னால இருக்கு."

"பார்த்தேன்."

அந்தப் பக்கம் ஆடு கத்தியது. யாரோ தண்ணீர் இறைத்தார்கள். அவள் போனை வைக்காமல் இருந்தாள். நானும்.

"அந்தச் செடி?" என்றாள்.

ஆசைதான், பொய் சொல்ல. பூத்துவிட்டது என்றால் அடுத்த பேருந்தில் வந்து நிற்பாள். வந்து பார்த்துவிட்டு அதற்கடுத்த பேருந்தில் போவாள். "இன்னும் இல்ல" என்றேன்.

"இன்னும் இல்லயா?"

"ஒன்னுகூட இல்ல."

"சரி, உங்க இஷ்டம்" என்று வைத்துவிட்டாள். பூக்காமல் இருப்பது என் இஷ்டமா? இதைச் செடியிடம் கேட்டேன். அதுவும் பதில் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒரே கட்சி.

பிப்ரவரி 8

குளிர் போய்விட்டது. மண் விரிசல் விட ஆரம்பித்துவிட்டது. போர்வெல் தண்ணீர் உப்பு, ஊற்றினால் இலை நுனி கருகுகிறது. எனவே நல்ல தண்ணீர். வாரம் ஒருமுறை வரும் குடிதண்ணீரில், ஆவுடைத்தாய் பார்க்கிறாள் என்று தெரிந்தும், ஒரு குடத்தைச் செடிக்கு ஊற்றினேன்.

"மனுசன் குடிக்கிற தண்ணி!" என்று அலறினாள்.

"நான் கொஞ்சமாத்தான் குடிக்கிறேன்."

"மதினி இருக்கும்போது செடிக்குக் கை கழுவுற தண்ணிகூட நீங்க ஊத்தினது இல்ல. அது இல்லாதப்ப குடம் குடமா ஊத்துதீங்க. செடிக்கு ஊத்துற மாதிரியே தெரியலயே."

குடத்தில் மீதி இருந்ததையும் ஊற்றினேன். உள்ளே வந்துவிட்டேன்.

பிப்ரவரி 10

செல்லத்துரை யோசனைப்படி ஒரு மண்பானையின் அடியில் சின்ன ஓட்டை போட்டு, துணித்திரியைச் செருகி, வேரோரம் கழுத்து வரை புதைத்தேன். நிரப்பி மூடிவிட்டால் தண்ணீர் கசிந்து கசிந்து வேருக்கு மட்டும் போகும். வெயில் குடிக்க முடியாது. மூடியைத் திறந்து பார்க்கும்போதெல்லாம் தண்ணீரில் என் முகம். இவனை நம்பி யாரும் திரும்பி வருவார்களா என்று அது என்னையே கேட்கிறது.

மார்ச் 3

சாயங்கால வெயிலை மறைக்க ஏதாவது கட்ட வேண்டும். பச்சை வலை வாங்கச் சோம்பல். பீரோவில் அவளுடைய பழைய கத்திரிப்பூ நிறப் பருத்திச் சேலை கிடந்தது. இரண்டு கம்பு நட்டுக் கட்டினேன்.

மார்ச் 4

ஆபீஸ் விட்டுத் தெருமுனை திரும்பியதும் சுவருக்கு மேல் கத்திரிப்பூ நிறம் அசைந்தது. சைக்கிளை வேகமாக மிதித்தேன். கேட்டைத் திறந்து, "கொடி!" என்று கூப்பிட்டும்விட்டேன்.

கட்டியவன் நான். ஒரு நாள்கூட ஆகவில்லை.

ஆவுடைத்தாய் மாடியில் நின்றிருந்தாள். நான் சைக்கிள் செயினைச் சரிபார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன். வழக்கமாக இந்தச் செய்தி ஊரைச் சுற்றியிருக்கும். யாரும் வந்து கேட்கவில்லை. ராத்திரி ஒரு கிண்ணம் குழம்பு மட்டும் வந்தது.

"அண்ணாச்சி, மாடு இன்னுமா கன்னு போட்டுக்கிட்டு இருக்கு?" என்றாள், கிண்ணத்தை நீட்டிக்கொண்டே. கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

குழம்பில் உப்பும் புளியும் தெரிந்தன. வேறொன்றும் இல்லை. ஆவுடைத்தாய்க்கும் கை மாறிவிட்டது போலிருக்கிறது.

மார்ச் 12

நான் எழுதியதைத் திரும்பப் படித்தேன். எல்லாப் பெண்களுக்குமா ஒரே சமயத்தில் கை மாறும்?

மூடி வைத்துவிட்டேன்.

மார்ச் 22

அனல். மஞ்சள் இலை கிள்ளிக் கிள்ளி விரல் நுனி ஓய்ந்துவிட்டது. புதைக்கப் புதைக்க அடுத்த வாரமே வருகின்றன. உள்ளங்கை அகலச் சிவப்புப் பூ மட்டும் வரவில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தேன். யாரும் என் சட்டையைப் பிடித்து இழுக்கவில்லை. தலைதான் சுற்றியது.

சிவகாசியில் ஒரு பட்டிமன்றத்துக்குக் கூப்பிட்டார்கள். முடியாது என்றேன். மனைவி ஜோக் இல்லாமல் என்னிடம் ஐந்து நிமிடத்துக்குக்கூடச் சரக்கு இல்லை. மனைவி இல்லாமல் மனைவி ஜோக் சொல்ல வாய் வரவில்லை.

மார்ச் 29

இன்று போன் செய்தேன். மேடைக்குப் போகும் முன் குடிப்பதுபோல ஒரு டம்ளர் வெந்நீர் குடித்துவிட்டு.

"சொல்லுங்க."

"கொடி, அது பூக்கலை."

"அதைச் சொல்லத்தான் போன் போட்டீங்களா?"

"ஆமா. இல்ல. அது பூக்காது போலருக்கு. மண்ணு மாத்திப் பார்த்தேன், பானை புதைச்சேன், உன் கத்திரிப்பூச் சேலையைக் கிழிச்சு..."

"எந்தச் சேலை?"

"கிழிக்கலை, கட்டினேன். அது இருக்கட்டும். பூக்கலைன்னாலும் நீ வா. பூவுக்காக இல்ல. வீடு நல்லால்ல."

இணைப்பு போய்விட்டதோ என்று பயந்து பேசிக்கொண்டே போனேன். பயந்தால் எனக்குப் புள்ளிவிவரம் வரும். "மொட்டுகூட இல்ல கொடி. துளிர் நல்லா வருது. ஆனா உள்ளுக்குள்ள மஞ்சள் இலை. தடிதடியா, கொத்துக் கொத்தா. கிள்ளிக் கிள்ளி வேரிலேயே புதைக்கேன், நிக்க மாட்டேங்குது."

"என்ன இலை?"

"மஞ்சள் இலை."

"கொக்கி மாதிரிக் காம்பு இருக்குமா?"

"ஆமா. உனக்கு எப்படித் தெரியும்?"

"அதைக் கிள்ளினீங்களா?" அவள் குரல் எப்படியோ ஆகிவிட்டது. "கையில எடுத்து? மூஞ்சிக்குக் கிட்ட வச்சு?"

"பார்த்துட்டுத்தான் கிள்ளினேன்."

வைத்துவிட்டாள்.

மார்ச் 30

முதல் பேருந்தில் வந்தாள். என்னைப் பார்க்காமல் நேராகச் செடிக்குப் போய், இலைக்குள் கையை விட்டு ஒரு மஞ்சளைப் பறித்தாள். உள்ளங்கையில் வைத்துக் கசக்கி என் மூக்கடியில் நீட்டினாள். பைகூட இன்னும் தோளில்தான்.

"இதுதான் பூ. என்ன மணம் வருது?"

நான் நன்றாக இழுத்தேன். பலாவை நினைத்தேன், வாழையை நினைத்தேன், மாம்பழத்தை, கடைசியில் கருவாட்டை. அவள் விரல் சூடாக இருந்தது. அது மட்டும்தான்.

"ஒன்னும் வரலை" என்றேன்.

"எப்ப இருந்து?"

"அந்தக் காய்ச்சல் வந்துச்சே, ரெண்டு பேரும் படுத்துக் கிடந்தோமே. அதுல இருந்து."

"நாலு வருசம்" என்றாள். "நாலு வருசமா ஏன் சொல்லல?"

சொன்னேன். மூக்கு செத்தவன் என்று தெரிந்தால் எதிரணிக்காரன் மேடையில் என்னை வைத்துச் சிரிப்பு மூட்டுவான். ஊரே சிரிக்கும். அந்த மாதிரி நிற்க முடியாது என்று தோன்றியது. சொல்லி முடிக்கும்போதே, யாரிடம் எதைச் சொல்கிறேன் என்று எனக்கே கேட்டுவிட்டது.

அவள் பையை இறக்கி வைத்தாள்.

"அப்ப என் கொழம்பு?"

"தெரியாது. எனக்குத் தெரியவே தெரியாது கொடி."

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பார்க்கவிடாமல் திரும்பிக்கொண்டாள். "வர்ற கொடைக்கு அதே மேடையில ஏறி அந்தக் கிழவிக்குக் கேக்குற மாதிரி இதைச் சொல்லணும்" என்றாள். பிறகு கம்பிலிருந்து கத்திரிப்பூச் சேலையை அவிழ்த்து உதறினாள். "எத்தனை துணி இருக்கு, இதுதான் கெடச்சுதா?"

எதிர்மாடியில் ஆவுடைத்தாய், "மதினி, கன்னு நல்லாருக்கா?" என்று கூவினாள்.

"எந்தக் கன்னு?" என்றாள் ஜெயக்கொடி.

ஏப்ரல் 5

மத்தியானம் கருவாட்டுக் குழம்பு. சண்முகையா பாக்கி கேட்கிற சாக்கில் அடுப்படிச் சன்னல் ஓரமாகவே நின்றார். நான் இப்போது அவர் முகத்தைப் பார்த்துத்தான் சாப்பிடுகிறேன். நன்றாக இருந்திருக்க வேண்டும்.

சாப்பிட்டு முடித்து, பெருமை தாங்காமல், "எப்படியோ நான் மண்ணு மாத்தினதுலதான் இந்தச் செடி பூத்துச்சு" என்றேன்.

சாப்பிட்ட இலையை எடுத்துக்கொண்டிருந்தவள் நின்றாள். "அது ஆவணியிலயே பூக்க ஆரம்பிச்சிருச்சு" என்றாள். "நான் போன அன்னைக்கும் பூத்துத்தான் இருந்துச்சு. 'பைத்தியக்காரி, அதான் பூத்திருக்கே, உள்ள வா'ன்னு சொல்லி நிப்பாட்டுவீங்கன்னு பார்த்தேன். மணம் உங்களுக்கு எட்டட்டும்னு ஒன்னைப் பறிச்சுக் கொண்டையிலயும் வச்சிருந்தேன்."